பெடலின் உள்மூலையும் காணாமல் போன ஓட்டையும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டகை வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் காலையில் சாக்குப்பையோடு வந்து, அதை என் மேசைமேல் கவிழ்த்தார். முந்திரிக் கொட்டை உடைக்கும் மெஷினின் பெடல் கைகள், ஒன்பது. ஒன்பதும் ஒரே இடத்தில் உடைந்தவை.

“வெல்டு வச்சு வச்சு அலுத்துப்போச்சு தம்பி. தகட்டைக் கனமாப் போட்டு புதுசாப் பண்ணிக் குடுங்க, போதும்.”

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத் பட்டறையின் பின்னறையில்தான் என் வரைபட வேலை. முன்னால் லேத் ஓடும், பின்னால் நான் கணினியில் வரைவேன். பெரும்பாலும் புல்லி, புஷ், ஷாஃப்ட் என்று தேய்ந்ததை அளந்து அப்படியே வரைந்து கொடுப்பதோடு சரி. ஒரு பொருள் ஏன் உடைகிறது என்று உட்கார்ந்து பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் ஒன்பதும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி உடைந்திருந்தது என்னை விடவில்லை.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அவித்த முந்திரிக் கொட்டையை இரண்டு கத்திகளுக்கு நடுவில் வைப்பார்கள். கத்திகள் கொட்டையின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். காலால் பெடலை மிதித்தால் கத்திகள் நெருங்கிச் சுற்றிலும் மேல்தோட்டை மட்டும் வெட்டும். கைப்பிடியை நெம்பினால் தோடு பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரும். தோட்டில் உள்ள எண்ணெய் பட்டால் கை வெந்துவிடும். அதில் வேலை செய்யும் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். உடைப்பதற்கு எடைக் கணக்கில் கூலி. பெடல் உடைந்தால் அன்றைய அரை நாள் போச்சு.

பெடல் கை ‘ட’ எழுத்தின் வடிவம். நிற்கும் கால் மேலே சுழல் அச்சோடு இரண்டு எம்10 போல்ட்டில் பிடித்திருக்கும். படுத்திருக்கும் காலின் நுனியில் மிதிக்கும் பலகை. 8 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண மென்எஃகு) தகடு, கையின் அகலம் 30 மி.மீ., உள்மூலையிலிருந்து மிதிக்கும் இடம் வரை 220 மி.மீ. உடைந்தது எல்லாம் அந்த உள்மூலையில்.

உடைந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தேவனாம்பட்டினத்தில் அலை வந்து போன பிறகு மணலில் வளைவு வளைவாகக் கோடு நிற்குமே, அதே மாதிரி கோடுகள். இந்தத் துறையிலும் அதற்குக் கடற்கரைத் தடம் என்றே பெயர். ஒரே மிதியில் படாரென்று உடைந்தால் இப்படி வராது. கொஞ்சம் கொஞ்சமாக, மிதிக்க மிதிக்க விரிசல் நகர்ந்து, கடைசியில் மீதி இருந்த இரும்பு தாங்காமல் விட்டிருக்கிறது. கோடுகள் எல்லாம் உள்மூலையை மையமாக வைத்துக் கிளம்பியிருந்தன. அங்கே உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது: தகட்டைக் கிரைண்டரில் வெட்டியவர் இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து, மூலையைத் தாண்டி வட்டை இறக்கியிருக்கிறார். மூலைக்குள்ளே நகம் போலச் சின்னதாக ஒரு வெட்டு. வட்டமான சக்கரத்தால் மூலையை வெட்டினால் இப்படித்தான் ஆகும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எத்தனை தடவை மிதிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்குப் பத்து என்று குறைத்து வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 4,800. மாதம் 25 நாளைக்கு 1,20,000. ஒரு பெடல் ஆறேழு மாதம் வருகிறது என்றார். அப்படியானால் ஏழெட்டு லட்சம் மிதி. இரும்பு களைத்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து, எவ்வளவு பாரம்? ஊகத்தில் வைத்துக் கணக்குப் போட எனக்கு மனசு வராது. முதுநகர் மீன் மார்க்கெட்டில் தெரிந்தவரிடம் தொங்கும் தராசு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பெடல் நுனியில் கொக்கியை மாட்டிக் கொட்டை வெட்டுப்படும்வரை கீழே இழுத்தால் 22 முதல் 26 கிலோ காட்டியது. சரியாக வேகாத கொட்டைக்கு 31. மெதுவாக இழுத்தபோது வந்த கணக்கு இது. அங்கே மிதிப்பது அப்படி இல்லை. தொம் தொம் என்று மிதிக்கிறார்கள். அதனால் 40 கிலோ என்று வைத்தேன். 9.81-ஆல் பெருக்கினால் 392 நியூட்டன்.

கணினியைத் திறக்கும் முன் பேனாவால் ஒரு கணக்கு. உள்மூலையில் வளைக்கும் திருப்பம் 392 × 220, அதாவது 86,240. கையின் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு 8 × 30 × 30 ÷ 6 = 1,200. ஒன்றை ஒன்றால் வகுத்தால் தகைவு, அதாவது இரும்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யும் தாங்கும் விசை, சுமார் 72 மெகாபாஸ்கல். கையின் நடுவில் பாதித் தூரம், எனவே 36. இந்த 36-ஐ ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். அது பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது. நாம் வாங்கும் சாதாரண எம்.எஸ். தகடு 250 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். 72 எங்கே, 250 எங்கே! கனம் போதாமல் உடையவில்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிட்டது.

மென்பொருள் ஃப்ரீகேட். இலவசம், என் 8 ஜிபி மடிக்கணினியிலும் ஓடும். கணக்குப் போட முதலில் பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிக்கவேண்டும், அதற்குப் பெயர் வலை பின்னுவது. அதற்குள் வலை பின்னுவது ஜிமெஷ், கணக்குப் போடுவது கால்குலிக்ஸ். ஜெர்மனியில் விமான எஞ்சின் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியது கால்குலிக்ஸ். ஓய்வு நேரத்தில் இப்படியும் சிலர்.

முதலில் பெடல் கையை உள்ளது உள்ளபடி வரைந்தேன். போல்ட், மரை, மிதிபலகை, அதில் வழுக்காமலிருக்க இருக்கும் வரிகள், விளிம்பில் 1 மி.மீ. சரிவு, ஸ்பிரிங் கொக்கி மாட்டும் 5 மி.மீ. துளை, பட்டறைக்காரர் அடித்த எழுத்து முத்திரை எல்லாம் சேர்த்து. பார்க்க அழகாக இருந்தது. வலை பின்னச் சொன்னேன். மின்விசிறி கத்த ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் பின்னிக்கொண்டிருந்தது. அப்புறம் கரண்ட் போய்விட்டது. மடிக்கணினியின் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கிறது.

செய்வதற்கான மாடல் வேறு, கணக்குப் போடுவதற்கான மாடல் வேறு. ஒவ்வொரு மரைச் சுற்றுக்கும் ஒவ்வொரு எழுத்து வளைவுக்கும் வலை மிகச் சின்னக் கண்ணாகப் பின்ன வேண்டும். அந்தக் கண்களால் நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை. எனவே ஒரு நகல் எடுத்து வெட்டத் தொடங்கினேன். மரையை எடுத்துவிட்டு 11 மி.மீ. வெறும் துளையாக்கினேன். போல்ட்டையே எடுத்தேன். மிதிபலகையை எடுத்துவிட்டு அதன் பாரத்தைக் கையின் நுனி முகத்தில் நேராக வைத்தேன். பாரம் எப்படித் தொடுகிறது என்ற நுணுக்கம் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தெரியும், தள்ளிப் போகப் போக மறைந்துவிடும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான் 1855-லேயே சொல்லிவிட்டார். 220 மி.மீ. தள்ளியிருக்கும் மூலைக்கு மிதிபலகையின் வரியைப் பற்றிக் கவலை இல்லை. முத்திரை, விளிம்புச் சரிவு, ஸ்பிரிங் துளை எல்லாம் போயின. துளை 5 மி.மீ.தானே என்று நினைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிமானத்துக்கு ஒரு வேலை அதிகம். போல்ட் துளையின் உட்சுவரை மட்டும் அசையாமல் பிடித்தால் துளை விளிம்பில் பொய்யாகச் சிவப்பு ஏறும் (திரையில் தகைவு அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம்). நிஜத்தில் வாஷர் அழுத்திப் பிடிக்கிறது. எம்10 வாஷரின் வெளி விட்டம் 20 மி.மீ. எனவே துளையைச் சுற்றி 20 மி.மீ. வட்டம் வரைந்து, தட்டை முகத்தை அந்த வட்டத்தோடு தனித் துண்டாகப் பிரித்து, அந்த வளையத்தைப் பிடித்தேன். பொருளின் உருவம் ஒரு நூல்கூட மாறவில்லை. முகத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தகட்டின் கனத்தை நடுவில் பிளந்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்கும். எனவே 4 மி.மீ. பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பிளந்த முகம் பக்கவாட்டில் நகராமல் கட்டிப்போட்டேன். வலையும் பாதி, நேரமும் பாதிக்குக் கீழே. பாரத்தையும் பாதியாக்கி 196 வைக்க மறக்கக்கூடாது. இதை மறந்து முழுப் பாரத்தையும் வைத்து ஊரைக் கூட்டியவர்களை எனக்குத் தெரியும்; அதில் ஒருவன் நான்.

ஓட்டினேன். 4 மி.மீ. கண் உள்ள வலையில் உள்மூலையில் 106 வந்தது. கை நடுவில் 36. பேனாக் கணக்கோடு ஒத்துப்போகிறது, சந்தோஷம். இன்னும் துல்லியமாகப் பார்க்கலாமே என்று மூலையில் மட்டும் வலையை 2 மி.மீ. ஆக்கினேன். 142. ஒரு மி.மீ. ஆக்கினால் 196. அரை மி.மீ. ஆக்கினால் 265.

முதல் தடவை இதைப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வலையைச் சின்னதாக்கினால் விடை ஓர் இடத்தில் வந்து நிற்கவேண்டும், இது ஏறிக்கொண்டே போகிறது. கணினியின் கோளாறு இல்லை. கூரான உள்மூலைக்கு எண் என்று ஒன்று கிடையாது. வளைவே இல்லாத மூலையில் தகைவு முடிவில்லாமல் ஏறும் என்பதுதான் கணிதம் சொல்வது. 90 பாகை உள்மூலைக்குக் கண்ணைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 1.37 மடங்கு ஏறவேண்டும். என் எண்களை வகுத்துப் பாருங்கள், அதேதான். அந்த மூலையிலிருந்து நீங்கள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வாங்கலாம்: 106 என்று சொல்லி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தலாம், 265 என்று சொல்லிப் பயமுறுத்தலாம். இரண்டும் வலையின் எண், இரும்பின் எண் இல்லை. நிஜ இரும்பில் முழுக்கூர் கிடையாது. கிரைண்டர் வெட்டு என்ன வளைவை விட்டதோ அதைப் பொறுத்துத்தான் அங்கே ஏறும்.

பொதுவாக வளைவுகளை எடுத்துவிட்டுத்தான் கணக்குப் போடச் சொல்வார்கள். வெளிமூலை வளைவுக்கு அது சரி. வெளிமூலை எப்போதும் நீலமாகத்தான் இருக்கும், பாரம் அங்கே போவதே இல்லை. உள்மூலையில், அதுவும் இழுபடும் பக்கத்து உள்மூலையில், வளைவை எடுப்பது நோயாளியின் நாடியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பார்ப்பது மாதிரி. எங்கள் பெடலில் நிஜத்திலேயே வளைவு இல்லை என்பதால் சேர்க்கவேண்டியிருந்தது.

சேர்த்தேன். வளைவின் ஆரத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். மறுபடி ஓட்டினால் உள்மூலையில் வெறும் 31.

அரை மணி நேரம் நான் பெரிய ஆள். வாடிக்கையாளருக்குப் போன் செய்ய எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் திரை ஓரத்தில் ஒட்டிய தாள் கண்ணில் பட்டது. கை நடுவில் 36 இருக்கவேண்டும். திரையில் படுத்திருக்கும் கால் முழுக்க நீலம், பூஜ்யம். மிதிக்கவே மிதிக்காத பெடல்! வளைவைச் சேர்த்ததும் முகங்களின் எண் வரிசை மாறி, நான் நுனியில் வைத்த பாரம் நிற்கும் காலின் பக்க முகத்துக்குத் தாவியிருந்தது. நான் வைத்திருந்தது பழைய பதிப்பு. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இந்தத் தாவல் நிறையக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஓட்டியது நான்தான். அதற்குப் பிறகு உருவத்தைத் தொட்டால் முதலில் பாரத்தைக் காட்டும் அம்பு, பிறகு பிடிமானத்தின் பூட்டு, பிறகு கை நடுவில் 36. மூன்றையும் பார்க்காமல் சிவப்பு எங்கே என்று தேடுவதில்லை.

பாரத்தைத் திருப்பி வைத்து ஓட்டினேன். 3 மி.மீ. ஆரத்துக்கு 158. 6 மி.மீ. வைத்தால் 130. 12 மி.மீ. வைத்தால் 108. இந்தக் கடைசியை வலை மாற்றிப் பார்த்தேன்: 2 மி.மீ. கண்ணில் 105, ஒரு மி.மீ. கண்ணில் 108, அரை மி.மீ. கண்ணிலும் 108. நின்றுவிட்டது. இதைத்தான் இரும்பின் எண் என்று நம்பலாம். 15 வைத்தும் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வளைவு மேலே ஏறிக் கீழ் போல்ட்டின் வாஷரில் இடிக்கிறது. 12 போதும் என்று விட்டேன்.

வாடிக்கையாளர் கேட்டபடி தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் எல்லா எண்ணும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். மூலை கூராகவே இருந்தால் களைப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். உடைவது சில மாதம் தள்ளிப்போகும். பெடலின் பாரமும் கூடும், தினம் 4,800 தடவை அதை அசைப்பது அந்தப் பெண்களின் கால்.

சாயங்காலம் லேத்தை நிறுத்திவிட்டு டர்னர் அண்ணன் பின்னறைக்கு வந்தார். நாற்பது வருஷம் இரும்போடு இருப்பவர், கணினியை மதிக்கமாட்டார், ஆனால் வண்ணப் படம் பார்க்கப் பிடிக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னா தம்பி, ஸ்பிரிங் ஓட்டை எங்க?”

“அது சின்னதுண்ணே, கணக்குக்கு வேணாம்னு எடுத்துட்டேன்.”

“பெடல்ல இருக்குதுல்ல?”

சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். கொக்கி தேய்த்துப் பளபளப்பாக இருந்தது அந்தத் துளை. மூலையிலிருந்து 25 மி.மீ. தள்ளி, மேல் விளிம்பிலிருந்து 6 மி.மீ. கீழே. மேல் விளிம்புதான் இழுபடும் பக்கம். சங்கடமாகிவிட்டது. துளை உள்ள தகட்டை இழுத்தால் துளையின் ஓரத்தில் மூன்று மடங்கு ஏறும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-ல் எழுதியது பாலிடெக்னிக்கில் பாடமாக வந்ததுதான். துளை எவ்வளவு சின்னது என்று பார்த்தேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பெரிய தகட்டில் ஒரு மி.மீ. துளைக்கும் அதே மூன்று மடங்குதான்.

துளையைத் திரும்ப வைத்து ஓட்டினேன். துளையின் மேல் ஓரத்தில் 127. மூலையின் 108-ஐ விட அதிகம்! பழைய பெடலில் மூலை முந்திக்கொண்டு உடைந்ததால் இந்தத் துளைக்கு முறை வரவில்லை. நான் மூலையைச் சரிசெய்து அனுப்பியிருந்தால் அடுத்த வருஷம் சாக்கு நிறையத் துளையில் உடைந்த பெடல்கள் வந்திருக்கும்.

இதற்கு மருந்து எளிது. வளையும் கையில் மேல் விளிம்பு இழுபடும், கீழ் விளிம்பு அமுங்கும், நடுக்கோட்டில் இரண்டும் இல்லை. துளையை 9 மி.மீ. இறக்கி நடுக்கோட்டுக்குக் கொண்டுபோனேன். துளை ஓரத்தில் 22. ஸ்பிரிங் அந்த 9 மி.மீ.க்கு எட்டவில்லை, டர்னர் அண்ணன் 4 மி.மீ. கம்பியில் இரண்டு பக்கமும் கொக்கி வளைத்து ஓர் இணைப்பு செய்தார். இப்போது மொத்தப் பெடலிலும் அதிகம் வளைவில் இருக்கும் 108தான். பூஜ்யத்துக்கும் 108-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, அதாவது 54 மேலும் கீழும். 410 மெகாபாஸ்கலில் அறுந்துபோகும் எம்.எஸ்.ஸுக்கு வழவழப்பாக மெருகிட்ட நிலையில் களைப்பு எல்லை, அதாவது எத்தனை லட்சம் தடவை ஏறி இறங்கினாலும் உடையாத அளவு, அதில் பாதிக்குப் பக்கத்தில் இருக்கும். நம் தகடு மெருகிட்டது இல்லை, கொட்டகையில் எண்ணெயும் ஈரமும் உண்டு. அதற்கெல்லாம் கழித்தாலும் இடம் இருக்கிறது.

வெட்டுவதற்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேசருக்குக் கோப்பை அனுப்பினேன். கணக்கு மாடலை இல்லை, செய்யும் மாடலை. வளைவும் துளையின் புது இடமும் அதில் ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். நேர்மூலைக்கும் வளைவுக்கும் லேசருக்கு ஒரே கூலிதான். பன்னிரண்டு கைகள் வந்தன. லேசர் வெட்டிய விளிம்பில் குறுக்கே மெல்லிய வரிகள் இருக்கும். வளைவில் அவற்றை அரத்தால் எடுத்தோம், அரத்தைக் குறுக்கே ஓட்டாமல் வளைவின் நீளவாக்கில் ஓட்டி. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொன்றும் விரிசலுக்குப் போட்டுக் கொடுக்கும் கோடு. கிரைண்டரை எடுக்க வந்த பையனைத் துரத்திவிட்டார் அண்ணன்.

மாட்டி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் கொட்டகைக்குப் போய் நான்கு பெடல்களைக் கழற்றி, சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும். வளைவில் ஒன்றும் வரவில்லை, துளையிலும் இல்லை. ஒரே ஒரு பெடலில் கம்பிக் கொக்கி கையின் மேல் விளிம்பில் உரசி ஒரு பள்ளம் போட ஆரம்பித்திருக்கிறது. கொக்கியை வெளிப்பக்கம் 3 மி.மீ. தள்ளி வளைக்கச் சொல்லியிருக்கிறேன்.